செய்நிரற் பெயர்களும் கருவிகளின் ஆணையும்

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் ஓயாது பெயரிட்டுக்கொண்டிருப்பவர்கள். ஓர் எண்ணைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு ஒரு பெயர். ஒரு கணிப்பைச் செய்து முடிக்கும் பகுதிக்கு ஒரு பெயர். ஒரே தன்மையவான பொருள்களின் வகைக்கு ஒரு பெயர். சிறியதொரு செய்நிரலிலும் இவ்வாறு பல பத்துப் பெயர்கள் வந்துவிடும். பொறிக்கு இப்பெயர்கள் வேண்டுவனவல்ல; நினைவகத்தின் இன்ன இடம் என்னும் எண்ணே அதற்குப் போதும். பெயர்கள் படிப்பார் பொருட்டே இடப்படுகின்றன. எழுதியவனே ஆறு திங்கள் கழித்து அதனைத் திரும்பப் படிக்கும்போது அவனும் ஒரு புதிய படிப்போன் ஆகிவிடுகின்றான். இங்ஙனம் மனிதர்க்காக இடப்படும் பெயர் எவ்வடிவில் இருத்தல் வேண்டும் என்பதைக் கருவிகள் விதிக்கலாமோ, அதுவும் எவரும் கேளாமலே, தொடக்கத்திலிருந்து இயல்பாகவே விதிக்கலாமோ என்பது செய்நிரலாளரிடையே அடிக்கடி எழும் வழக்கு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

வழக்கின் பொருளை முதலிலே தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. செய்நிரற் பெயரின் நடுவே வெற்றிடம் விடலாகாது. ஆகவே, இரு சொற்களைச் சேர்த்துப் பெயரிட வேண்டியவிடத்து, சிலர் சொற்களுக்கிடையே அடிக்கோடு இடுவர்; வேறு சிலர் இரண்டாஞ் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கி இரண்டையும் ஒட்டி எழுதுவர். நடுவிலே மேடு தோன்றுதலின் பின்னையதை ஒட்டகமுறை என்பர். 1997 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் யாவா மொழிக்கென வெளியிட்ட நெறித்தொகை, வகைகளின் பெயர் பெரிய எழுத்திலும் மாறிகளின் பெயர் சிறிய எழுத்திலும் தொடங்குக என்றது. மாறாத மதிப்புகளின் பெயர்களை முழுதும் பெரிய எழுத்திலே எழுதுக என்றது. பெயரைக் கண்ட அளவிலே பொருளின் இனம் புலனாதல் இதன் பயன், அப்பயனை மறுப்பாரிலர். ஆனால், யாவாச் செய்நிரலைப் பொறிமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பி இந்நெறிகளுள் ஒன்றையேனும் கட்டாயப்படுத்துவதில்லை. அவ்வாறிருந்தும், உலகெங்கும் யாவா எழுதுவோர் இவற்றினின்றும் பெரிதும் விலகுவதில்லை. ஆணையின்றியும் வழக்கு நிலைபெறக் கூடும் என்பதை இது காட்டுகின்றது.

பெயரின் எழுத்துக்குப் பொறி பொருள் கொள்ளத் தொடங்கியது அண்மைக் காலத்ததன்று. 1957 இல் ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்கென ஜோன் பேக்கஸும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட போர்ட்ரான் மொழியிலே, ஆங்கில நெடுங்கணக்கின் 'ஐ' முதல் 'என்' வரையுள்ள ஆறெழுத்துகளுள் ஒன்றில் தொடங்கும் மாறி முழுவெண்ணைக் குறிக்கும். பிறவெழுத்தில் தொடங்குவது தசமப் பகுதியுடைய எண்ணை, அஃதாவது பின்னர் மெய்யெண் எனப்பட்டதைக் குறிக்கும். கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஜீ' என்னும் எழுத்தில் தொடங்குவதால், முழுவெண் என வேறாக அறிவிக்கப்படாதவரை கடவுள் மெய் என்று அத்துறையார் நகையாகக் கூறுவதுண்டு. இந்துக் கல்லூரியொன்றின் மலரிலே இதனை நகை என்று மட்டுஞ் சொல்லி அப்பாற் செல்லுதல் தகுமோ அறியேன்.

அவ்விதியால் விளைந்த தீங்கு நகைக்குரியதன்று. எழுதுவோன் ஒரு பெயரைப் பிழைபட எழுதிவிட்டால், தொகுப்பி அதனைப் பிழையென்று சுட்டாது. முதலெழுத்தைப் பார்த்து அப்பெயரில் ஒரு புதிய மாறியைத் தானே படைத்துக்கொள்ளும். விடை பிழையாய் வரும்; பிழை எங்குளதென்பது தோன்றாது. 1991 இல் வெளிவந்த போர்ட்ரான் 90 நியமத்தில் இவ்விதியை முற்றாக விலக்கும் கூற்றொன்று இடம்பெற்றது. இன்று அம்மொழியைக் கற்பிப்போர் ஒவ்வொரு செய்நிரலின் தலையிலும் அதனை எழுதுமாறே பணிப்பர். இயல்பாக அமைந்த விதியை விலக்கக் கற்பதே முதற்பாடமாயிற்று என்க.

இதனோடு ஒருசார் ஒப்புமையுடையது, மைக்ரோசொப்ட் நிறுவனத்திற் பணியாற்றிய சார்ல்ஸ் சிமோனி வகுத்த ஹங்கேரிய முறை. பெயரின் முன்னே ஓரிரு எழுத்துகளை ஒட்டி, அப்பொருள் இன்ன இனத்தது என்று அறிவிப்பது அதன் நோக்கம். விண்டோஸ் அமைப்பின் உள்ளே 'டபிள்யூ' என்னும் ஒட்டெழுத்துடன் வழங்கும் 'டபிள்யூபராம்' என்னும் பெயர் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. அவ்வொட்டு 16 இருமத்தாலான சொல்லைக் குறித்தது. அமைப்பு 32 இருமத்துக்கும் பின்னர் 64 இருமத்துக்கும் வளர்ந்தது. பொருள் வளர்ந்தும் பெயரை மாற்ற முடியவில்லை. எண்ணிலடங்காச் செய்நிரல்கள் அப்பெயரைப் பற்றி நின்றமையால், இன்றும் அது தன் இனத்தைப் பொய்யாகக் கூறிக்கொண்டே நிற்கின்றது. பின்னாளில் அந்நிறுவனமே தன் 'டொட் நெட்' நெறிநூலில் ஹங்கேரிய முறையை வேண்டாவென விலக்கியது.

பெயருக்கு விதி கூறுதல் நமக்குப் புதிதன்று. சொல்லின் முதலில் வரும் எழுத்து இன்னது, வாரா எழுத்து இன்னது என்று தொல்காப்பியர் வகுத்தார், பவணந்தியாரும் வகுத்தார். ரகரமும் லகரமும் மொழிக்கு முதலாகா என்னும் விதியினாலேயே இராமனும் இலக்குவனும் இகரம் பெற்று நம் நூல்களுட் புகுந்தனர். இதுவும் பெயரின் வடிவத்தைக் கட்டுப்படுத்தும் விதியே. ஆயினும் நம் இலக்கண ஆசிரியரிடத்து ஒரு நற்பண்பு காணப்படுகின்றது. தாம் கூறியவற்றுள் அடங்காதன வழக்கிலே காணப்படின் அவற்றையும் தழுவிக்கொள்க என்று புறனடை கூறி முடிப்பர். மரூஉவென்று ஒரு வகையை ஏற்றுக்கொண்டதும் இவ்வுள்ளத்தினாலேயே. செய்நிரற் கருவியொன்றை ஆராயும்போது அதன் விதி நன்றோ தீதோ என்று கேட்பதினும், அதற்குப் புறனடை உண்டோ, அப்புறனடையை எவர் கையில் ஒப்படைத்துள்ளனர் என்று கேட்பதே பயனுடைத்து.

கட்டாயத்தை விரும்புவோர் அடிக்கடி 'கோ' மொழியின் 'கோபமட்' என்னும் கருவியைச் சான்றாகக் காட்டுவர். அக்கருவி செய்நிரலின் வரிகளையும் இடைவெளிகளையும் ஒரே ஒழுங்கில் அமைத்துத் தருகின்றது. அவ்வொழுங்கை விரும்பியவாறு மாற்றும் வாய்ப்பை அது தருவதில்லை. அதனால் இடைவெளி பற்றிய வீண்வாதங்கள் அம்மொழியாரிடையே பெரிதும் ஒழிந்தன. நன்று, ஆனால் இடைவெளி வேறு, பெயர் வேறு. இடைவெளியை முழுதும் அறியவும் திருத்தவும் பொறியால் இயலும். திருத்தியதால் எப்பொருளும் கெடாது. பெயரிலோ, பொறி அறிவது புறவடிவொன்றே. பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்தார். செய்நிரலில் வேண்டப்படுவது பெரும்பாலும் காரணப்பெயரே. பொறியாற் காணவியலாததும் அக்காரணமே. சராசரியைத் தாங்கும் மாறிக்கு 'மொத்தம்' என்று பெயரிட்டு, அதனை விதித்தபடி சிறிய எழுத்தில் எழுதிவிட்டால், கருவி குறையொன்றும் காணாது. சராசரி என்றே பெயரிட்டு ஓரெழுத்தைப் பெரிதாக எழுதினோன் குற்றவாளியாவான்.

பைதன் மொழிக்குரிய 'பைலின்ட்' என்னும் ஆய்வுக்கருவி இதற்கு நல்லதோர் உரைகல். பெயர்களை இயல்பாகவே ஆராய்ந்து குறைகூறும் கருவி அது. மூன்றெழுத்துக்குக் குறைந்த பெயர்களை அது நெடுங்காலம் குற்றமாகக் கொண்டது. இடவாயங்களை 'எக்ஸ்', 'வை' என ஓரெழுத்தாற் குறித்தல் கணிதம் கற்ற எவர்க்கும் இயல்பு, அவரெல்லாம் வழுவுற்றோராயினர். 'ஐ', 'ஜே', 'கே' முதலிய சில மட்டும் விதிவிலக்காய் அனுமதிக்கப்பட்டன. 2023 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலே இவ்வளவுவிதி இயல்புநிலையினின்றும் நீக்கப்பட்டது. இடக்கூடாத பெயர்கள் என ஒரு பட்டியலும் அக்கருவியின் உள்ளே உண்டு. பொருளற்ற நிரப்புச் சொற்களாக ஆங்கிலர் வழங்கும் 'பூ', 'பார்', 'பாஸ்' என்பனவற்றுடன் 'டோட்டோ', 'டூட்டூ', 'டாட்டா' என்பனவும் அதில் உள. பின்னைய மூன்றும் பிரெஞ்சு வழக்கு. கருவியை முதலில் ஆக்கியோர் பிரான்சு நாட்டினர். இதன் விளைவைப் பார்க்க. பங்குச் சந்தை விலைகளைக் கணிக்கும் செய்நிரலில் இந்தியாவின் பெயர்பெற்ற டாட்டா நிறுவனத்துக்கென ஒரு மாறியை அப்பெயராலேயே ஒருவர் வகுத்தால், அப்பெயர் ஆகாதென்று கருவி கூறும். எந்நாட்டுச் சிறுவிளையாட்டுச் சொல்லோ எந்நாட்டு வணிகக் கணக்கையோ தடுக்கின்றது. தீய எண்ணம் எவரிடத்துமில்லை. தம் முற்றத்திற் கண்டதை உலக வழக்கென எண்ணிய சிறு மறதிதான்.

இயல்பாகவே கட்டாயப்படுத்துக என்போரின் வலிய வாதம் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தொடக்கத்தில் அமைக்கப்படாத விதியைப் பின்னர் எவரும் தாமாக அமைத்துக்கொள்வதில்லை என்பர். பத்துப்பேர் கூடி எழுதும் வேலையிற் பத்து வகைப் பெயர்முறை தோன்றிவிட்டால் அதனைச் சீர்செய்தல் அரிது. தொடக்கத்திலேயே ஒரு கருவி ஒழுங்கை நிறுத்தின் தோழர்களிடையே மனத்தாங்கலும் நேராது. குறைகூறுவது கருவியாதலின் எவர்க்கும் மானக்குறைவுமில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் அதே வாதம் மறுபுறமும் வெட்டுகின்றது. அமைக்கப்படாததை எவரும் அமைப்பதில்லையெனின், அமைக்கப்பட்டதை எவரும் நீக்குவதுமில்லை. கற்கத் தொடங்கும் மாணவன் கருவியின் சொல்லை மொழியின் சட்டமெனவே கொள்வான். இதற்குச் சான்றுண்டு. பைதன் மொழியின் நடைநெறிகளைக் கூறும் 'பெப் 8' என்னும் ஆவணம் 2001 இல் எழுந்தது. வழிகாட்டியாக மட்டும் எழுதப்பட்ட அது, பொருத்தமற்றவிடத்து நெறியைக் கைவிடுக என்றும் வெளிப்படையாகக் கூறுகின்றது. பின்னர் ஒரு கருவி அவ்வாவணத்தின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. கருவியின் தீர்ப்பே ஆவணத்தின் தீர்ப்பு என்று பலர் மயங்கினர். மொழியை ஆக்கிய கைடோ வான் ரொசம் தாமே கேட்டுக்கொண்டதன்பேரில் 2016 இல் அக்கருவி 'பைகோட்ஸ்டைல்' எனப் பெயர் மாறியது. பெயரிடுதல் பற்றியும் பேசும் நூலின் பெயரை ஏற்ற கருவியே பெயர்க்குற்றத்துக்கு ஆளாயிற்று.

இனி, நம்மை நேரே தொடுவதொன்றைக் கூறவேண்டும். கூகிள் நிறுவனத்தில் 2007 இல் தொடங்கி 2009 இல் வெளியிடப்பட்ட 'கோ' மொழி, பெயர்முறையை வெறும் வழக்கமாக விடாமல் பொருளாகவே ஆக்கிவிட்டது. செய்நிரலின் ஒரு பொதியிலுள்ள பெயர் பெரிய எழுத்தில் தொடங்கின் அது பிற பொதிகளுக்கும் உரியது; அல்லாதது அப்பொதிக்குள்ளேயே அடங்கும். வேறு அறிவிப்பொன்றும் வேண்டா. பெயரைக் கண்டதுமே அது வெளியார்க்குரியதோ அன்றோ என்பது தெரியும். ஆங்கிலத்துக்கு இது மிக அழகிய விதி. ஆனால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே இல்லாத மொழிகள் உலகிற் பல. தமிழில் இல்லை, சிங்களத்தில் இல்லை, சீனத்திலும் யப்பானியத்திலும் இல்லை. எனவே இம்மொழிகளின் எழுத்தில் தொடங்கும் எப்பெயரும் தன் பொதியைக் கடந்து வெளிச்செல்ல இயலாது. உரோமன் பெரிய எழுத்தொன்றை முன்னே ஒட்டிக்கொள்வதே வழி. அஃது நிறைவளிப்பதன்றென அம்மொழியை ஆக்கியோரே தம் வினாவிடைப் பகுதியில் ஒப்புக்கொண்டுள்ளனர்.

தமிழுக்கு இதனினும் பெரிய இடர் அம்மொழியில் உண்டு. பெயரில் வரக்கூடியவை எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடுமே என்பது அதன் விதி. எது எழுத்து என்பதற்கு யூனிகோட் அட்டவணையே அளவை. அவ்வட்டவணை தமிழின் உயிர் பன்னிரண்டையும், ஆய்தத்தையும், அகரம் ஏறிய உயிர்மெய் பதினெட்டையும் எழுத்து என வகைப்படுத்துகின்றது. ஏனைய உயிர்க்குறிகளும் மெய்யின் தலைமேலுள்ள புள்ளியும் எழுத்தல்ல, எழுத்தோடு சேரும் குறிகள் என்பது அதன் கொள்கை. ஆகவே நம் 247 எழுத்துகளுள் கோ மொழியின் பெயர்களில் இடம்பெறத்தக்கவை 31 மட்டுமே. எஞ்சிய 216 தள்ளுண்டன. முதலெழுத்து முப்பதனுள் மெய் பதினெட்டும் ஒருங்கே தள்ளுண்டன. 'பல' என்று பெயரிடலாம். 'சில' என்று இடலாகாது. 'வர' என்பது செல்லும். 'வா' என்பது செல்லாது. மாணாக்கர் சோதனையிற் பெற்ற புள்ளிகளைக் கணிக்கும் செய்நிரலில் ஒரு மாறிக்குப் 'புள்ளி' என்று பெயரிட்டால், அச்சொல்லின் உகரக்குறியும் இகரக்குறியும் நடுவே நிற்கும் புள்ளியும் சேர்ந்தே அதனை விலக்கிவிடும். இவ்விதியை வகுத்தோர் பிறமொழியை மதியாதார் எனக் கூற நா எழாது. அவருள் றொப் பைக், கென் தொம்சன் இருவருமே 1992 இல் யூ.டி.எப்-8 என்னும் எழுத்துக் குறியேற்ற முறையை வகுத்தவர்கள். இன்று இணையத்திலே தமிழ் எழுதப்படுவதும் படிக்கப்படுவதும் அம்முறையினாலேயே. அத்தகையோரும் விதியைக் கடுமையாகவும் எளிமையாகவும் ஆக்க முற்பட்டபோது தமிழின் 216 எழுத்து புறத்தே நின்றுவிட்டன.

இதற்கு எதிரிடையாக ரஸ்ட் மொழியை நோக்குவாம். 2015 இல் முதற்பதிப்பு வெளிவந்த அம்மொழியின் தொகுப்பியும் பெயர்வழக்கத்தை இயல்பாகவே கண்காணிக்கின்றது. வகைப்பெயர் ஒட்டகமுறையிலும் மாறிப்பெயர் அடிக்கோட்டு முறையிலும் இல்லையெனின் எச்சரிக்கும். ஆனால் செய்நிரலைப் பெயர்க்க மறுக்காது. ஒரே வரியால் அவ்வெச்சரிக்கையை அடக்கியும் விடலாம். புறனடை எழுதுவோன் கையிலே உள்ளது. 2021 இல் 1.53 ஆம் பதிப்பு வந்தபோது பிறமொழி எழுத்துகளிலும் பெயரிட இடமளிக்கப்பட்டது. உயிர்க்குறியும் புள்ளியும் அங்கே ஏற்கப்படும். அப்போது தமிழ்ப்பெயர்கள் வழக்க விதிக்கு முரணாயினவோ எனின், ஆகவில்லை. காரணம் விதியின் சொல்லமைப்பு. வகைப்பெயரின் முதலெழுத்துப் பெரிய எழுத்தாதல் வேண்டும் என்று அத்தொகுப்பி கேட்பதில்லை. சிறிய எழுத்தாதல் ஆகாது என்றே கேட்கின்றது. பெரிது, சிறிது என்னும் வேறுபாடில்லாத எழுத்துமுறைகள் சில உள என்னும் குறிப்பும் அவ்விடத்தே எழுதப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் இவ்விரு கூற்றுக்கும் வேற்றுமை இல்லை. உடன்பாட்டில் விதித்தால் தமிழ்ப்பெயர் வழுவாகும். எதிர்மறையில் விதித்தால் வழுவாகாது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை இவ்வளவு சிறிய சொல்மாற்றம் விளைத்தலைக் காண உரையாசிரியர் நினைவுக்கு வருகின்றனர். ஒரு விதி உடன்பாட்டாற் கூறப்பட்டது ஏன், எதிர்மறையாற் கூறப்பட்டது ஏன் என்று அவர் துருவித் துருவி ஆராய்ந்தது இத்தகைய நுட்பங் கருதியே.

ஆகவே, கருவி இயல்பாகவே எச்சரிக்கலாம், மறுத்தல் தகாது, எழுத்தின் அளவுக்கு அறவே புதுப்பொருள் ஏற்றலும் தகாது என்பது என் துணிபு. ஒரு குழுவினர் தமக்குள் ஒருப்பட்டு மறுப்பையே விதியாக்கிக்கொள்வாராயின் அஃது அவருரிமை. எச்சரிக்கை கட்டாயம் வேண்டப்படும் இடங்களும் உள. 'ஔ' என்னும் ஓரெழுத்தையும், ஒகரமும் ளகரமும் அடுத்து நிற்கும் ஈரெழுத்தையும் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. ககரத்தையும் தமிழிலக்கம் ஒன்றையும் பிரித்தறிதலும் அரிது. இவற்றால் இரண்டு பெயர் ஒன்றுபோலத் தோன்றுமிடத்து, மனிதக் கண் தவறுவதைப் பொறி தவறாது காணும். அவ்விடத்துக் கருவி கேளாமலே பேசுக. அதற்கு நன்றி கூறலாம்.

எஞ்சியது ஒரு தடை. செய்நிரல் உலகப் பொதுமுயற்சி. எல்லோரும் ஆங்கில எழுத்திலேயே பெயரிட்டாலன்றி ஒருவர் எழுதியதை மற்றவர் எங்ஙனம் படிப்பர் என்பர். பல நாட்டார் கூடிச் செய்யும் வேலைக்கு இது முற்றும் பொருந்தும். பைதன் மொழி 2008 இல் தன் மூன்றாம் பதிப்பிலே தமிழெழுத்துப் பெயர்களுக்கு வாயில் திறந்தும், பைலின்ட் கருவி அத்தகைய பெயரைக் கண்டதும் மாற்றுக என்று இயல்பாகவே கூறுதற்கு இக்கருத்தே காரணமாகலாம். ஆனால் எழுதப்படும் செய்நிரல் யாவும் உலகத்தார்க்கு எழுதப்படுவனவல்ல. வகுப்பறையில், தமிழ்மொழி மூலம் கற்கும் பதினைந்து வயது மாணவி தன் பள்ளியின் வரவுப் பதிவேட்டைக் கணினியில் ஏற்ற முயல்கின்றாள். தமிழெழுத்து ஆகாதென்று கருவி சொல்லிவிட்டால் அவள் ஆங்கிலச் சொல்லைத் தேடிச் செல்வதில்லை. தமிழ்ச் சொல்லையே உரோமன் எழுத்தில் எழுதிவிடுகின்றாள். லகர ளகர வேறுபாடு அங்கே அழிகின்றது. பெயர் சிறிய எழுத்தில் உளது, அளவும் சரி, அடிக்கோடும் உரிய இடத்தில் உளது. கருவி முழுமனத்தோடு ஏற்கின்றது. அடுத்த ஆண்டு அதனைப் படிக்கும் மாணவன், அப்பெயர் குறிப்பது பள்ளிக்கூடத்தையோ சுவரில் ஊரும் பல்லியையோ என்று அவளையே கேட்டறிய வேண்டும்.